சட்டாம்பிள்ளையும் சிலேட்டும்

2012ஆம் ஆண்டு. நான் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடம். அங்கே ஆறாம், ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியை பேறுகால விடுப்பில் போய்விட்டார். பதிலுக்கு ஆள் கிடைக்கவில்லை. தலைமையாசிரியை என் பழைய அலுவலக நண்பரின் மகள். ஒருநாள் மாலை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நீங்க முப்பது வருஷத்துக்கு மேல கணக்குப் பிரிவிலேயே இருந்தவர், மாமா. நாலு மாசம் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்குங்க. பாடம் நடத்தாட்டியும் பரவாயில்லை, வகுப்பு சும்மா கிடக்கக் கூடாது."

"பில்லில் கூட்டல் சரியா என்று பார்க்கத் தெரியும் அம்மா, பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தெரியாதே" என்றேன். அவர் கேட்கவில்லை. மறுவாரம் திங்கட்கிழமை நான் சாக்பீஸ் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் நாளே ஒன்று தெரிந்துவிட்டது. நாற்பது பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கணக்குத் தெரியாது என்பதல்ல பிரச்சினை. கணக்கைக் கண்டால் பயம். ஒரு பெண்ணைக் கரும்பலகைக்கு வரச் சொன்னேன். எழுந்தாள், அசையவில்லை. உதடு நடுங்கியது. "உட்காரம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்த நடுக்கம் எனக்குப் பழக்கமானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வாத்தியார் இல்லாத வகுப்பை அந்தக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று யோசித்தேன். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அதற்கென்றே ஒருவன் இருந்தான். சட்டாம்பிள்ளை. நானும் இந்த அறுபத்திரண்டு வயதில் ஒரு சட்டாம்பிள்ளைதான் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சட்டாம்பிள்ளையின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது சென்னை எழும்பூர் வழியாக லண்டனுக்கும் பாரீசுக்கும் போய்த் திரும்பி, புதுச்சேரியில் நான் படித்த வகுப்பு வரைக்கும் வந்து நின்றது.

முதலில் ஓர் இத்தாலியர். பியெத்ரோ தெல்லா வல்லே என்ற பயணி. 1623இல் கன்னட நாட்டில் மலைப்பாதையில் போகிறார். மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு கோயில் முகப்பில் காத்திருக்கிறார். அங்கே நான்கு சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எண்களை எழுதி, ராகம் போட்டுப் பாடிக்கொண்டே கணக்குப் படிக்கிறார்கள். வாத்தியார் யாரும் இல்லை. "மறந்துபோனால் யார் திருத்துவார்கள்?" என்று கேட்கிறார். நான்கு பேருக்கும் ஒரே இடத்தில் மறதி வராது. ஒருவன் தப்பினால் மற்றவன் எடுத்துக்கொடுப்பான் என்று பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். நியாயமான பதில் என்று அவருக்கும் படுகிறது. இதைத் தம் பயணக் கடிதத்தில் எழுதி வைத்தார்.

அதற்கு ஏறக்குறைய 165 வருடம் கழித்து, 1787இல், ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். வாத்தியார்கள் இருந்தும் பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை. ஒருநாள் காலை குதிரையில் போகும்போது நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, அதேபோல் செய்யுங்கள் என்றார். விடுதி வாத்தியார், அது நடக்காது என்றார். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை, ஒரு சாதாரணச் சிப்பாயின் மகனை, எழுத்து வகுப்புக்குப் பொறுப்பாக்கினார். பெரிய வாத்தியாரால் ஆகாதது அந்தப் பையனால் ஆயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளி முழுவதையுமே பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்படி மாற்றினார்.

1796இல் ஊர் திரும்பிய பெல், மறு வருடமே லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் அச்சிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயர் பரவியது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் 1798இல் பள்ளி தொடங்கி, ஒரே வாத்தியார், பல சட்டாம்பிள்ளைகள், நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் என்று நடத்திக்காட்டினார். முறையைக் கண்டது யார் என்று இருவர் தரப்புக்கும் பெரிய சண்டை. எழும்பூருக்குப் பக்கத்தில் மணலில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளின் வாத்தியார் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

இங்கே பெல்லாரி கலெக்டராக இருந்த காம்ப்பெல், 1823இல் தம் ஜில்லாப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை அனுப்பினார். தாமஸ் மன்றோ கேட்ட கணக்கெடுப்பு அது. சென்னை ராஜதானி முழுவதும் சேர்த்து 12,498 பள்ளிகள் என்று கடைசியில் கணக்கு வந்தது. தேறிய பிள்ளைகள் தேறாதவர்களுக்குச் சொல்லித்தரும் வழக்கத்தைக் காம்ப்பெல் பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றே எழுதினார்.

அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது வருபவன் கையில் ஒரு சுழி. பாராட்டும் இல்லை, தண்டனையும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. இப்படியே ஏறிக்கொண்டு போகும். நாற்பதாவதாக வந்தவன் கதி என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: முப்பத்தெட்டு அடி! படிக்காதவனைக் கைகளைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவதும் உண்டு என்று எழுதியிருக்கிறார். நம் பெரியவர்கள் 'கோதண்டம்' என்று சொன்னது இதைத்தான்.

பழைய பள்ளியை ஒரேயடியாகப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெண் பிள்ளைகள் அங்கே மிகக் குறைவு, சேரிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரே பள்ளிக்கூடம்தான். நான்கு பேர் கூடிப் பாடினால் பயம் போகிறது. தனியாக நிற்கவைத்துப் பிரம்பை எடுத்தால் பயம் வருகிறது. லங்காஸ்டர் பிரம்பு வேண்டாம் என்று சொன்னவர். ஆனால் அவர் பள்ளியிலும் கழுத்தில் மரக்கட்டை மாட்டுவதும், பிள்ளையைக் கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிடுவதும் இருந்தன. அடி இல்லாவிட்டால் அவமானம். இரண்டும் பிள்ளைக்கு ஒன்றுதான்.

மெட்ராஸ் முறை 1815இல் பிரான்சுக்குப் போனது. நெப்போலியன் எல்பாவிலிருந்து திரும்பிவந்து நூறு நாள் ஆண்டபோது, உள்துறை அமைச்சராக இருந்த கார்னோ அதற்கு ஆதரவு தந்தார். பாரீசில் ஒரு சங்கம் அமைத்துப் பள்ளிகள் திறந்தார்கள். மணல் மேசை, சிலேட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மொனித்தேர். 1830களுக்குப் பிறகு அந்த முறை மெல்ல மறைந்தது. 'மொனித்தேர்' என்ற பெயர் எங்கள் வகுப்பில் இருந்தது. முசே வெளியே போனால் பெயர் எழுதி வைப்பவன் அவன்தான். அவன் நம் சட்டாம்பிள்ளை என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது அந்த நடுக்கத்தைச் சொல்கிறேன்.

1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறிய பிறகும் புதுச்சேரியில் பிரெஞ்சுவழிப் பள்ளிகள் நடந்தன. என்னை அப்படி ஒன்றில் சேர்த்தார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் எண்ணுவது பிரெஞ்சில். பிரெஞ்சில் எழுபதுக்கு 'அறுபது பத்து' என்பார்கள். எண்பதுக்கு 'நாலு இருபது'. தொண்ணூற்றேழு என்றால் 'நாலு இருபது பதினேழு'. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் தொண்ணூறுக்குத் தனிச் சொல் இருக்கிறது; எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முசே எண்களைச் சொல்லச்சொல்லக் கரும்பலகையில் எழுத வேண்டும். 'காத்ர வேன் தி செத்' என்றார். நான் காதில் விழுந்தபடியே 4, 20, 17 என்று வரிசையாக எழுதினேன். நாற்பத்திரண்டாயிரத்துப் பதினேழு! வகுப்பே சிரித்தது. பலகைக்குப் பக்கத்தில் மணி அடிக்கும் வரை மண்டியிட வைத்தார். அதன்பிறகு ஒரு வருடம், பலகைப் பக்கம் போகச் சொன்னாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அடுத்த வருடம் வந்த முசே வேறு மாதிரி. ஒவ்வொருவரிடமும் ஒரு சிலேட்டு இருக்க வேண்டும். கணக்கை வாயால் சொல்வார். ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டு: மனத்தில் போட வேண்டும். இன்னொரு தட்டு: எழுத வேண்டும். மூன்றாவது தட்டு: எல்லாரும் ஒரே நேரத்தில் சிலேட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் கண்ணை ஓட்டுவார். யார் தப்பு என்று அவருக்குத் தெரியும், அடுத்தவனுக்குத் தெரியாது. பிறகு விடையைச் சொல்லி விளக்குவார். யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. என் பயம் போனது அந்தச் சிலேட்டால்தான்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதை நான் அறுபது வயதுக்கு மேல்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 'லா மர்த்தினியேர் முறை' என்பார்கள். லியோன் நகரத்தில் லா மர்த்தினியேர் என்ற பள்ளியில் பேராசிரியராக இருந்த தபாரோ என்பவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொண்டுவந்தது. பிறகு பிரான்சின் ஆரம்பப் பள்ளிகள் எல்லாம் எடுத்துக்கொண்டன.

அந்தப் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? லியோனில் 1735இல் பிறந்த குளோத் மர்த்தேன் என்பவரின் உயில் பணம். அவர் சிறுவயதில் பிரெஞ்சுக் கம்பெனிச் சிப்பாயாகக் கப்பலேறி, 1752இல் வந்து இறங்கியது நம் புதுச்சேரியில்! 1761இல் புதுச்சேரி வீழ்ந்த காலத்தையொட்டி ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்துவிட்டார். லக்னோவில் பெரும் பணக்காரராகி 1800இல் இறந்தார். லக்னோ, கல்கத்தா, லியோன் மூன்று ஊர்களிலும் பள்ளி நடத்த எழுதி வைத்தார். பணம் இங்கிருந்து போனது. முறை அங்கிருந்து வந்தது. நம் கடற்கரையில் இறங்கிய சிப்பாயின் காசு சுற்றிச்சுற்றி வந்து என் நடுக்கத்தைத் தீர்த்திருக்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகு, கடைக்குப் போய் நாற்பது சிலேட்டு வாங்கினேன். "இந்தக் காலத்துல சிலேட்டா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். மறுநாள் பிள்ளைகளிடம் சொன்னேன்: "இனிமேல் யாரும் பலகைக்கு வர வேண்டாம். நான் தட்டினால் சிலேட்டைத் தூக்கினால் போதும்."

முதல் வாரம் பாதிச் சிலேட்டு வெறுமையாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. உதடு நடுங்கிய அந்தப் பெண் எழுதுவாள். பக்கத்துச் சிலேட்டை ஓரக்கண்ணால் பார்ப்பாள். தட்டுவதற்குள் பாவாடையால் துடைத்துவிடுவாள். பல நாள் அவள் துடைத்த விடைதான் சரியாக இருந்தது.

பின்னத்தில்தான் எல்லாருக்கும் முட்டுக்கட்டை. "எட்டில் ஒன்று பெரிசா, நாலில் ஒன்று பெரிசா?" என்றால், "எட்டுதானே சார் பெரிசு?" என்றார்கள். என் பாட்டனார் காலத்து எண்சுவடி ஞாபகம் வந்தது. முந்திரி, காணி, மா, மாகாணி, அரைக்கால், கால் என்று பின்னத்துக்கெல்லாம் பெயர் வைத்து, பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்த காலம். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. இது வெறும் உருப்போடுதல் அல்ல, நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் தேவையான கணக்கை மனத்துக்குள் போடும் பயிற்சி என்று நம் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில்பாபு விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

ஆளுக்கொரு பழைய காலண்டர் தாள் கொடுத்தேன். ஒரு மடி மடித்தால் அரை. இன்னொரு மடி, கால். இன்னொன்று, காலில் அரை, அதுதான் அரைக்கால். புத்தகத்தில் எட்டில் ஒன்று. இன்னும் ஒரு மடி, மாகாணி, பதினாறில் ஒன்று. "ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் ஓர் அணா மாகாணி" என்றேன். தாள் சிறியதாகிக்கொண்டே போவதைக் கையால் பார்த்த பிறகு, எட்டு பெரிசு என்று ஒருவரும் சொல்லவில்லை. புரிந்தவனைப் புரியாதவனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நான் அரை மணி சொல்லி ஏறாதது அவன் இரண்டு நிமிடத்தில் சொல்லி ஏறியது. 'தாத்தா சார்' வகுப்பில் சத்தம் அதிகம் என்று பக்கத்து வகுப்பு டீச்சர் புகார் சொன்னார். உண்மைதான்.

மூன்றாம் மாதம் ஒருநாள், தட்டினேன், சிலேட்டுகள் எழுந்தன. அந்தப் பெண்ணின் விடை தப்பு. ஆனால் துடைக்கவில்லை. தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அரையாண்டுத் தேர்வில் அவள் வாங்கியது 38. தேர்ச்சிக்கு மேல் மூன்றே மதிப்பெண். தலைமையாசிரியை அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தப்பு விடைதான் பெரிதாக இருந்தது.

இவ்வளவு சொன்னவன் ஒன்றை மறைத்தால் கணக்கு நேராகாது.

எனக்கு ஒரு தம்பி. நான்கு வயது இளையவன். அவனுக்குக் கணக்குச் சொல்லித்தரும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்திருந்தார். என் பயத்தைச் சிலேட்டு தீர்த்து நான்கைந்து வருடம் ஆகியிருந்தது. ஆனால் அவனிடம் நான் முதல் முசேயாகத்தான் இருந்தேன். தப்பு எழுதினால் தலையில் குட்டு. மறுபடி தப்பினால் தெருத்திண்ணையில் மண்டியிடச் சொல்வேன். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்ப்பார்கள். செர்த்திபிகா பரீட்சையில் கணக்கில் தவறி, அவன் படிப்பை விட்டுவிட்டான். மாமாவின் அரிசிக் கடையில் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்தான். மரக்காலை எடுத்து 'லாபம்' என்று ஆரம்பித்து, அளந்துகொண்டே மூன்று பேருக்கு மனக்கணக்கில் காசு சொல்வான். முப்பது வருடம் கணக்குப் பிரிவில் இருந்த நான் காகிதம் தேடுவேன். அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை. என்னைக் கண்டு பயம்.

பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கடையில் உட்கார்ந்து சிலேட்டுக் கதையை உற்சாகமாகச் சொன்னேன். பிள்ளைகளை அடிப்பதில்லை, நிற்கவைப்பதில்லை என்றெல்லாம் சொன்னேன். அவன் சாக்கைத் தைத்துக்கொண்டே கேட்டான். கடைசியில் நிமிர்ந்து பார்த்து, "இது அப்பவே உனக்குத் தெரிஞ்சிருந்ததே, அண்ணே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் பதில் சொல்லவில்லை. டீ வரவழைத்தான், குடித்தோம்.

நம் வயதில் பேரப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பெரும்பாலும் நம்மிடம்தான் வருகிறது. அதனால்தான் இதை எழுதினேன். வீட்டில் ஒரு சிலேட்டு வாங்கி வையுங்கள். பிள்ளை எழுதட்டும், பார்த்துவிட்டுத் துடைக்கட்டும். தப்பை நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். முடிந்தால் அந்தக் கணக்கை உங்களுக்கு அவர்கள் சொல்லித்தரும்படி கேளுங்கள். எட்டு வயது ஃபிரிஸ்கன் எழும்பூரில் செய்தது அதைத்தான்.